ஜன்னலுக்குக் கீழே நின்ற காடி

2024 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. லண்டன் ஹேரோவில் இருக்கும் என் அத்தை மகன் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு நிற புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. பின்னால் மழையில் நனைந்த செங்கல் வீடுகள். கீழே ஒரு வரி: "மச்சான், உங்க வீட்டு காடி இங்க நிக்குது பாரு."

சத்ரியா ஜிடிஐ-யை இங்கே பலருக்கும் தெரியும். 1.8 லிட்டர் இன்ஜின், கிட்டத்தட்ட 140 குதிரைத்திறன், எடையோ ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல்தான். 1996-இல் புரோட்டோன் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த உறவில், இங்கிலாந்துக்காரர்கள் சஸ்பென்ஷனைச் சரிபார்த்துக் கொடுத்த காடி இது. 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற சின்னப் பட்டையை ஒட்டிக்கொண்டுதான் வரும். இங்கிலாந்திலும் கொஞ்ச காலம் விற்றார்கள். அப்படி விற்றதில் ஒன்று, 2000-இல் பதிவானது, மச்சான் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி விலைக்கு நின்றது.

அடுத்த நிமிடமே போன் வந்தது. "விலையெல்லாம் ஓகே மச்சான். ஆனா நம்பரத் தட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு பன்னெண்டரை பவுண்டு கட்டணுமாம். மாமாகிட்ட கேட்டுச் சொல்லேன், ஏதாவது செட் பண்ணா பாஸ் ஆவுமான்னு."

அவன் சொன்னது 'யூலெஸ்'. மாசு குறைந்த காடிகள் மட்டும் இலவசமாக ஓடக்கூடிய வட்டாரம். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி லண்டனின் நடுப்பகுதியில் தொடங்கினார்கள். 2021 அக்டோபரில் விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க அதுதான். பெட்ரோல் காடி என்றால் யூரோ 4 தரம் வேண்டும், டீசல் என்றால் யூரோ 6. இல்லையென்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் வேலைக்கு ஓட்டினால் வருடத்துக்கு 3,250 பவுண்டு. அவன் பார்த்த காடியின் விலையே அவ்வளவு இல்லை.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அஞ்சடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் காடி.

அந்தக் காடி எங்கள் வீட்டுக்கு வந்த கதை கோத்தா திங்கிக்காரர்களுக்குச் சொன்னால் போதும், புரிந்துவிடும். 2006 டிசம்பரில் ஒரு வெள்ளம். வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் இன்னொன்று. ஜொகூர் ஆறு பட்டணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வடிந்தபோது மூழ்கிக் கிடந்த காடிகளை இழுவை லாரிகள் வரிசையாக இழுத்துப் போயின. அப்படிப் போகவிருந்த ஒன்றை அப்பா இரும்பு விலைக்கு வாங்கி வந்தார். சீட்டுக்கு அடியில் ஆற்றுச் சேறு. அப்பா லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை முடித்து வந்து, தினமும் ராத்திரி ஒயர் ஒயராகப் பிரித்துக் காய வைத்தார். ஒன்றரை வருடம். 2008 கடைசியில் அது உறுமியபோது அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். எனக்கு அப்போது 17 வயது. அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால் மச்சான் கேட்ட கேள்வி எங்களுக்கு வெறும் காடிக் கேள்வி இல்லை.

"எம்ஓடி பாஸா?" என்று கேட்டார் அப்பா. அங்கே வருடா வருடம் நடக்கும் சோதனை அது.

"சூப்பரா பாஸ் மாமா. புகை ரிசல்ட் எல்லாம் புதுக் காடி மாதிரி இருக்கு. அப்புறம் ஏன் இது மட்டும் ஃபெயில்னு சொல்லுது?"

அப்பாவுக்கும் உடனே விளங்கவில்லை. நான்தான் அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எம்ஓடி-யில் பெட்ரோல் காடிக்கு அளப்பது கார்பன் மோனாக்சைடும் எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனும்தான். இன்ஜினை நன்றாக டியூன் பண்ணி வைத்திருந்தால் இரண்டும் குறையும். யூலெஸ் பார்ப்பதில் முக்கியமானது நைட்ரஜன் ஆக்சைடு. அது பெட்ரோலின் அழுக்கு இல்லை. சிலிண்டருக்குள் சூடு ஏறும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவது. இன்ஜின் எவ்வளவு ஆரோக்கியமாக எரித்தாலும் அது பிறக்கும். எக்சோஸ் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் அதைப் பிரித்துப் போட வேண்டும். யூரோ 3-இல் பெட்ரோல் காடிக்கு அதன் வரம்பு கிலோமீட்டருக்கு 0.15 கிராம். யூரோ 4-இல் 0.08. ஏறக்குறைய பாதி.

இன்னொன்றும் தெரிந்தது. யூலெஸ் கேமரா யாருடைய குழாயையும் முகர்ந்து பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. அந்த மாடல் புதிதாக இருந்தபோது ஆய்வுக்கூடத்தில் எந்தத் தரத்தில் தேறியது என்ற பதிவைப் பார்க்கிறது. அவ்வளவுதான். அதனால் அப்பா மாதிரி ஒருவர் பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட 2000-ஆம் ஆண்டு காடி கட்டணம் கட்டும். சரியாகப் பராமரிக்காத 2007-ஆம் ஆண்டு காடி சும்மா போகும். நாற்பது வயது தாண்டி 'வரலாற்றுக் காடி' என்று பதிவானதற்கும் கட்டணம் கிடையாது. இருபத்து நாலு வயதுக் காடிதான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

டில்லியில் வேறு கணக்கு. அங்கே வயதை எண்ணினார்கள். டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட காடிகளுக்கு எண்ணெய் ஊற்றக்கூடாது என்று ஆரம்பித்து, ஜனங்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பத்து வருடம் தாண்டிய காடிக்குச் சாலை வரியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது.

எங்கள் ஊரில் அந்தக் கேள்வியே இல்லை. சொந்தக் காடிக்கு இங்கே வருடாந்திரச் சோதனை கிடையாது. கைமாற்றும்போது புஸ்பகோமுக்குக் கொண்டு போனால் உண்டு. மற்றபடி போலீஸ் நிறுத்தினால் சத்தத்துக்குத்தான் சம்மன்.

மறுநாள் காலையில் மச்சானுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் வாத்தியார் தோரணையில். லண்டன்காரன் பணக்காரனுக்குச் சட்டம் போட்டுவிட்டு ஏழையிடம் வசூல் பண்ணுகிறான் என்றுகூடச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அப்பா குறுக்கே கேட்டார்.

"தம்பி, அந்தக் காடியில கன்வர்ட்டர் இருக்கா?"

"இருக்கு மாமா. இல்லாம எம்ஓடி பாஸ் ஆவாதே."

அப்பா தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம்.

எங்கள் காடியில் கன்வர்ட்டர் இல்லை. 2012-இல் நான்தான் கழற்றினேன். 21 வயது. பாசீர் கூடாங் தொழிற்சாலையில் முதல் வேலை. கூட்டாளிகள் எல்லாரும் கழற்றியிருந்தார்கள். கழற்றினால் மூச்சு விடும், ஏறி ஓடும், சத்தம் கேட்க நன்றாக இருக்கும் என்றார்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காகப் பழைய சாமான் கடைக்காரர் 250 வெள்ளி கொடுத்தார். அந்தக் காசில் நாங்கள் நாலு பேர் டெசாரு போய் மீன் சுட்டுச் சாப்பிட்டோம். அப்பா அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தேவையாடா?"

பன்னிரண்டு வருடம். காலை ஷிப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவேன். அதற்கு முன் பத்து நிமிடம் இன்ஜினைச் சூடேற்றுவேன். காடி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே தங்கச்சியின் அறை ஜன்னல்.

தங்கச்சிக்கு ஆஸ்துமா. சின்ன வயதிலிருந்தே. 2013 ஜூனில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து மூவாரில் அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது அவளுக்கு 11 வயது. அந்த மாதம் இரண்டு தடவை ராத்திரியில் நெபுலைசர் வைக்க ஓடினோம். நான்தான் ஓட்டினேன், இதே காடியில். வழி முழுக்க இந்தோனேசியாக்காரனைத் திட்டிக்கொண்டே போனேன். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவைக் கொட்டி, பாசீர் கூடாங்கில் 111 பள்ளிக்கூடங்களை மூடியபோது முகநூலில் நீளமாக ஒரு பதிவு எழுதினேன். நாம் சுவாசிக்கும் காற்று என்றெல்லாம் எழுதியிருந்தேன். நிறைய லைக்.

யூலெஸ் பற்றிப் படிக்கும்போது எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தென்கிழக்கு லண்டனில், சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்து வீடு. கடுமையான ஆஸ்துமா. 2013 பிப்ரவரியில் இறந்தபோது ஒன்பது வயது. அவள் அம்மா விடவில்லை. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். அந்தச் சாலையில் போன எந்தக் காடிக்காரருக்கும் அவளைத் தெரிந்திருக்காது. எனக்கு அந்தச் சலுகை இல்லை. என் காடிக்குப் பின்னால் தூங்கியவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் காடியால்தான் அவளுக்கு வந்தது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான் கழற்றுவதற்கு முன்பே அவளிடம் பம்ப் இருந்தது. அதை நானே எனக்குப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாரம் அவள் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்: "காலையில நான் காடி ஸ்டார்ட் பண்றப்ப உனக்கு ஏதாச்சும் பண்ணுமா?"

"வாசம் வந்தா நீ கிளம்புறேன்னு தெரியும். எழுந்து ஜன்னலச் சாத்திட்டுப் படுத்துப்பேன்."

"சொல்லியிருக்கலாமே."

"அப்பா காடிண்ணா அது" என்றாள். அப்புறம் ரசம் கேட்டாள்.

அவளும் ஒரு கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யாரும் அவளுக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை.

மச்சான் அந்தக் காடியை வாங்கவில்லை. புதிதாக எதை மாட்டினாலும் பதிவில் இருக்கிற தரம் தானாக மாறாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். "மனசே இல்ல மச்சான்" என்றான். எனக்கும் வருத்தம்தான். இப்போதும் அந்தச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேலி பண்ண எனக்கு வாய் வரவில்லை.

நான் 900 வெள்ளி கொடுத்து ஒரு கன்வர்ட்டர் வாங்கினேன். அப்பாவே மாட்டினார். ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இதுதான் அதோட ஒரிஜினல் குரல்" என்றார். கன்வர்ட்டர் வந்ததால் எங்கள் காடி யூரோ 4 ஆகிவிடாது. லண்டனுக்குக் கொண்டு போனால் அதே 12.50 பவுண்டுதான். அதோடு, கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஸ்டார்ட் பண்ணிய முதல் சில நிமிடம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதனால் தங்கச்சி வீட்டில் இருக்கிற நாட்களில் ஒரு வேலை செய்கிறோம். ஐந்தே முக்காலுக்கு அப்பா ஸ்டியரிங்கில் உட்காருவார். நான் பின்னாலிருந்து தள்ளுவேன். தாமான் முனையில் இருக்கும் காலி மைதானம் வரை அறுபது எழுபது அடி இருக்கும். அங்கே போய்த்தான் சாவியைத் திருப்புவோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் முதல் நாள் காடி பழுது என்று நினைத்து ஓடி வந்து தள்ளினார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். மறுநாளும் வந்து தள்ளினார்.