பெங்களூரா என்கிற எங்கள் ஊர் மாங்காய்

விஸ்காம் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஒரு பிராண்ட் உருவாக்க வேண்டும். காவேரிப்பட்டணத்தில் சித்தி போடும் மாங்காய்த் தொக்கை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பளபளப்பான லோகோ, பின்னணியில் வயலின், தோப்புக்கு மேல் ட்ரோன் ஷாட். இன்ஸ்டாவில் லைக் வந்தது. ஒரு பாட்டில்கூடப் போகவில்லை.

அப்புறம் மொபைலை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்தேன். வாணலி ஓரத்தில் நல்லெண்ணெய் சிவப்பாகத் தளதளக்க, சித்தி கரண்டியைத் தட்டிவிட்டு, "எண்ணெய் பிரிஞ்சிருச்சு பாரு, எறக்கலாம்" என்கிறார். ரீல் அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்து ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் தமிழோடு சேர்த்து மூன்று மொழியிலும் எழுத்து போட்டேன். அன்று இரவே சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த ஒரு அண்ணன் நாலு பாட்டில் கேட்டார்.

பெயர்தான் மனதை அறுத்தது. தொக்குக்குப் போடும் கிளிமூக்கு மாங்காயைச் சந்தையில் 'பெங்களூரா' என்பார்கள். விளைவது கிருஷ்ணகிரியில், பெயர் பக்கத்து மாநிலத் தலைநகருக்கு! டைட்டனைப் பாருங்கள். 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில். விளம்பரத்துக்கு மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி. ஆனால் 'டாட்டா இண்டஸ்ட்ரீஸ்', 'தமிழ்நாடு' இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர் என்று தெரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லேபிளில் 'கிருஷ்ணகிரி மாங்காய்த் தொக்கு' என்று பெரிதாகப் போட்டேன். சித்தி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காவேரிப்பட்டணம்னு சின்னதாவாச்சும் போடு கண்ணு" என்றார். இன்று ராத்திரி மறுபடி டிசைனுக்கு உட்காருகிறேன்.