கராஜுக்கு ஒரு வாசல்

கல்முனைக் கரையோரத்தில் பெண்பிள்ளை பெற்றவன் தான் கட்டிய வீட்டில் எத்தனை வருடம் இருப்பான் என்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் வயதைப் பொறுத்த விடயம். கலியாணத்தோடு வீடு மகளுக்கு. மருமகன் வந்து குடியேறுவார். தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். இன்னொரு வீடு கட்ட வழியில்லாவிட்டால் அதே வளவில் ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தனது நூலில் இந்தச் சீதன வீட்டு வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இது நமக்கு மட்டும் உரியதல்ல, பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் உள்ளதுதான். நான் எழுத வந்தது அந்த வழக்கத்தைப் பற்றியல்ல, ஒதுங்குகிற இடத்தைப் பற்றி.

பெரும்பாலும் அது பழைய குசினியாக இருக்கும். என் உம்மா தன் கடைசி ஒன்பது வருடங்களை அப்படியொரு குசினியில்தான் கழித்தா. என் தங்கச்சி நல்லவள், மச்சானும் குறை சொல்ல முடியாத மனிசன். ஆனால் உம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் முன்வாசலால் நுழைந்து, ஹோலைக் கடந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு பின்னுக்கு வரவேண்டும். ஹோலில் மச்சானின் கூட்டாளிகள் இருந்தால் பெண்கள் திரும்பிப் போய்விடுவார்கள். முதலில் தூரத்துச் சொந்தம் வருவது நின்றது. பிறகு பக்கத்து வீட்டுக்காரிகள். உம்மாவோடு வெற்றிலை போட்டுக் கதைக்க ஆளில்லாமல் போனதற்கு யாருடைய மனமும் காரணமில்லை, வாசல்தான் காரணம் என்பது என் முடிவு.

எனக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவர்கள் இருவருக்கும் கொடுத்தாயிற்று. கடைக்குட்டிக்கென்று இந்த வீட்டை 2009இல் கட்டி முடித்தேன். அந்தக் காலத்தில் கலியாணம் பேச வருகிறவர்கள், கிணறு இருக்கா, மதில் இருக்கா என்ற கேள்விகளோடு, வாகனம் விட இடம் இருக்கா என்றும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் இருந்ததோ பள்ளிக்கூடம் போய்வருகிற ஒரு சைக்கிள். ஆனாலும் பத்துப் பேர்ச்சஸ் வளவின் மேற்குப் பக்கத்தில் பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் ஒரு கராஜ் எழும்பியது. சைக்கிள் அதற்குள் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

மருமகன் வேன் ஒன்று வைத்து ஹயர் ஓடினார். 2022இல் டீசலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றதில் தொழில் படுத்துவிட்டது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வேனுக்கும் நல்ல விலை கிடைத்தது. விற்றுவிட்டார். கராஜுக்குள் தேங்காயும் உடைந்த கதிரைகளும் சேர்ந்தன. அதே வருடம் மூத்த பேத்தி பெரிய பிள்ளையானாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். வீட்டில் இருந்த மூன்று அறைகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முந்தி நாங்களே எழும்பிக்கொள்வது நல்லது என்று என் மனைவிதான் சொன்னா.

கராஜை அறையாக்குவது லேசான வேலை என்று நினைக்கிறவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லவேண்டும். முதலாவது நிலம். கராஜ் நிலம் வீட்டு நிலத்தைவிட ஆறு அங்குலம் பதிவு. தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று தெருப் பக்கமாகச் சரிவு வைத்துக் கட்டியது. ஆனால் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டபோது தெரு உயர்ந்துவிட்டது. மார்கழி மழையில் வெளியே ஓடவேண்டிய தண்ணீர் உள்ளே வரும். கரையோர மணலில் மாரிக்கு நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். ஆகவே எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த சீமெந்தைக் கொத்தியெடுத்து, கிரவல் போட்டு, நனைத்து இடித்து இறுக்கி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, பிறகுதான் கொங்கிரீட். அந்தப் பொலித்தீனுக்கு ஆகிற காசு அற்பம். அதை விட்டால் பாயும் படுக்கையும் வருடம் முழுக்க ஈரம்.

நிலத்தை உயர்த்தினால் கூரை தலையில் முட்டும். இரண்டு வரி கல் வைத்துச் சுவரை உயர்த்தினோம். அஸ்பெஸ்டோஸ் சீற்றுகளை உடைக்காமல், அறுக்காமல், நனைத்துக் கழற்றும்படி நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வேலைக்கு வந்த பொடியன்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மேற்குச் சுவரில் கச்சான் காற்று நேரே அடிக்கும். ஆனி ஆடியில் அது காற்றல்ல, அடுப்பு வாய். கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, இடையில் வெக்கை வெளியேற ஓட்டைக் கற்கள் வைத்தோம். மதிலோரம் ஒரு முருங்கையும் நட்டிருக்கிறது.

ஷட்டரைக் கழற்றியபோது ஒன்பதடி வெளி. அதன் அடியில் அத்திவாரம் கிடையாது. வேன் ஏறி இறங்கிய வெறும் கொங்கிரீட் பட்டைதான். அதன்மேல் சுவர் கட்டினால் இரண்டு மாரிக்குள் இறங்கி வெடிக்கும். தோண்டிக் கருங்கல் போடவேண்டியிருந்தது. அந்த நாட்களில் சீமெந்து விலை ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் ஒவ்வொன்றாக இருந்தது. சுவரை முழுக்க மூடி யன்னல் ஒன்றை மட்டும் வைக்கலாம் என்பது மேசனின் யோசனை. போக்குவரத்துக்கு ஹோல் பக்கம் ஒரு கதவு போதுமாம்.

“நிலையும் கதவும் எண்டா ஓடாவிக்கும் சேர்த்துச் செலவு, சேர். மகள்ட வீடுதானே. உள்ளால போய் வரலாமே.”

நான் வாய் திறக்க முந்தி உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “ரோட்டுப் பக்கம் நிலை வைக்காட்டி அந்தச் சுவர் தேவையில்ல. ஷட்டர் அப்படியே கிடக்கட்டும், அதத் தூக்கிப்போட்டு நான் போய் வாறன்.”

என் உம்மாவின் குசினியை அவவும் பார்த்தவதான். நிலை வைத்தோம்.

கட்டில் எப்படிப் போடுவது என்பது அடுத்த பிரச்சினை. பத்தடி அகலத்தில் ஆறேகாலடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க இடமில்லை. கிப்லாப் பக்கம் கால் நீட்டுவது மனதுக்கு ஒப்பாது. கடைசியில் தலை வடக்காக, நீளவாட்டில் போட்டோம். வலப்பக்கம் சரிந்தால் முகம் மேற்கே. “கபுறில வைக்கிற மாதிரியே இரிக்கி. இஞ்சயே பழகிக்கொள்ளுங்க” என்றா மனைவி. பின்பக்கம் நான்கடி ஒதுக்கிக் கட்டிய மலசலகூடத்தில் கொமெட்டை வடக்குத் தெற்காக வைக்க, குழாயை இரண்டு முறை வளைக்கவேண்டி வந்தது.

அடுப்பு விடயத்தில்தான் மகள் அழுதுவிட்டாள். மூலையில் ஒரு சின்ன மேடை கட்டி, காஸ் அடுப்பு ஒன்று வைக்கப் பார்த்தோம்.

“ஏன் உம்மா, நான் ஆக்கித் தரமாட்டனா? ஊர் என்ன சொல்லும்?”

“நீ தருவாய் மகள். நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா என்னத் தேடி ஒராள் வந்தா, ஒரு கோப்பை தேத்தண்ணி நான் ஊத்திக் குடுக்கணும். அதுக்கும் உன்னையா கூப்பிடுற?”

இரண்டு நாள் வீட்டில் கதை பேச்சில்லை. மூன்றாம் நாள் மகளே ஒரு கேத்தலும் ஆறு கோப்பையும் வாங்கி வந்து மேடையில் வைத்தாள்.

இதில் வெளியே பேசாத ஒரு விடயம் இருக்கிறது. அந்தக் கராஜ் நிற்கும் நிலம் என்னுடையதல்ல. 2010இல் கலியாணத்துக்கு முந்தி நன்கொடை உறுதி எழுதியபோது, சீவிய உரித்தை எங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதலாம் என்று நொத்தாரிசு சொன்னார். அப்படி எழுதினால் நாங்கள் கண்மூடும்வரை வீட்டில் இருக்கும் உரிமை எழுத்தில் இருக்கும். பேசி வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. சீவிய உரித்து வைத்த உறுதி அரை உறுதி என்றார். கலியாணம் தட்டிப்போகும் என்ற பயத்தில் அந்த வரி விடப்பட்டது. எங்கள் பகுதியில் எத்தனையோ உறுதிகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. மகருக்கும் கைக்கூலிக்கும் குத்பாக்களில் இடம் கிடைக்கிறது. வயதான தாய் தகப்பனுக்கு உறுதியில் ஒரு வரி வைப்பதைப் பற்றி ஓர் ஆலிம் பேச நான் இன்னும் கேட்கவில்லை. வீடு கேட்பது வழக்கம் என்றால், அந்த வரியைக் கேட்பதையும் வழக்கமாக்கலாம்தானே. மருமகன் நல்லவர் என்பது வேறு விடயம். உறுதி எழுதுவது எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் காலத்துக்காகவா?

மூன்று வருடமாக அந்த வாசலில்தான் இருக்கிறோம். அசறுக்குப் பிறகு நாலைந்து பெண்கள் வருவார்கள். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போய்விடுவேன். மேடையில் இருந்த ஆறு கோப்பைகளில் இரண்டு உடைந்து, வேறு நான்கு வாங்கியாயிற்று. பேரப்பிள்ளைகள் ஹோல் பக்கக் கதவால் வருவதில்லை. வளவைச் சுற்றி ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, வெளியாட்களைப் போல நுழைவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. மருமகன் பத்திரிகையில் விலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன கிழமை முன்வளவில் எங்கள் யன்னலுக்கும் மதிலுக்கும் இடையில் காலால் அளந்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும், “சும்மா பார்த்தன் மாமா” என்றார். அந்த இடம் ஏழடிதான் வரும். வேனுக்கு அது காணாது.