கைப்பிடி அரிசியும் கடைசிப் பந்தியும்

எங்கள் ஊர்ப்பக்கம் சர்ச்சைக் ‘கோயில்’ என்றுதான் சொல்வோம். போதகர் எங்களுக்கு ‘ஐயர்’. அவர் மனைவி ‘ஐயரம்மா’. சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில், “கிறிஸ்துமஸுக்கு எங்க ஐயர் வீட்ல மட்டன் பிரியாணி” என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அதைப் புரியவைப்பதற்குள் டீ ஆறிப்போனது.

சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில், செம்மண் தேரியும் பனையுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். சி.எஸ்.ஐ கோயில். சென்ற ஆண்டு பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடலாம் என்று சேகரக் கமிட்டி முடிவு செய்தது. முதல் பக்கத்தில் ‘நம் சபையின் நோக்கம்’ என்ற தலைப்பு மட்டும் தயார். கீழே எழுத ஆளில்லை. கமிட்டிச் செயலாளர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்குச் சித்தப்பா. போன் வந்தது.

“நீதான் பத்திரிகைல இருக்கியே... நாலு பத்திதான். சட்டுனு எழுதி வாட்ஸ்அப்ல போடு.”

டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து செய்திகள் எழுதுகிறேன். நாலு பத்தி பெரிய விஷயமில்லை. ஆனால், செய்தி என்றால் யாரோ சொல்லியிருப்பார்கள், ஏதாவது நடந்திருக்கும். நோக்கத்தை எங்கே போய்ப் பிடிப்பது? பண்டிகைக்கு முந்தைய மாதம் ஊருக்குப் போனபோது, ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஐயர். வேறு சேகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், நாற்பது வயதுக்குள்தான். “ஆராதனை, சுவிசேஷம், சேவை. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அது சபை இல்லம்மா, கட்டடம்” என்றார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் பலமுறை யோசித்து வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. சித்தப்பாவுக்குக் கோபுர வேலைதான் நோக்கம். உயரத்தை இன்னும் கூட்ட வேண்டும், உள்ளே டைல்ஸ் மாற்ற வேண்டும். இதையும் இரண்டாவது பத்தியில் சேர்க்கச் சொன்னார். நன்கொடை வரும் என்ற கணக்கு.

ஆச்சியிடம் கேட்டபோது அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். பதிலே சொல்லவில்லை. படியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் போட்டு மூடினாள்.

கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி தனியாக வைப்பார்கள். அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கூடையில் கொட்டுவார்கள். ஊழியத்துக்கும் ஏழை வீடுகளுக்கும் அது போகும். இப்போது ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே கூடையில் கலந்துவிடுவதால் பொங்கித் தின்ன முடிவதில்லை. எங்கள் சபையில் ஏலம் விடுகிறார்கள். எடுப்பவர்கள் பெரும்பாலும் கோழிக்குப் போடத்தான் எடுக்கிறார்கள். பல வீடுகளில் அரிசிக்குப் பதில் கவரில் பணம் வைத்துவிடுகிறார்கள். ஆச்சி மட்டும் அரிசியை விடவில்லை.

“கவர்ல குடுத்தா மாசத்துக்கு ஒருக்காத்தான் நெனப்பு வரும். இதுன்னா ரெண்டு நேரமும் வரும்லா?” என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். “பசிச்ச வீட்லயும் ஒரு பிடி எடுக்கலாம்ட்டி. வாங்கித் திங்கவளும் குடுக்கவளா ஆயிருவா. அதுக்குத்தான் இது.”

நான் கேட்டதிலேயே நோக்கம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான பதில் இதுதான். பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து வளர்ந்த பள்ளி. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மிசோரமில் பிரெஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் இதை ‘புஃபாய் தாம்’ என்ற பெயரில் நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிடிக்கு இன்னொரு கதை உண்டு. திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருடைய அப்பா அந்த ஊர் ஐயர். அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம் ஊர்ச் சபைகளோ அப்போது வெள்ளைக்கார மிஷன்களிடமிருந்து வாங்கிப் பழகியவை. அடுத்த ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. நம்ம ஆள், நம்ம காசு, நம்ம நிர்வாகம். தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் போட்ட காணிக்கையில், நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த டோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். பின்னால் அசரியாவே போனார். தெலுங்கு படித்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

‘சர்ச்சுன்னாலே ஆள் சேர்க்கிறதுதானே நோக்கம்?’ என்று அலுவலகத் தோழி ஒருத்தி என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். இல்லை என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஐயர் சொன்ன மூன்றில் இரண்டாவது அதுதான். அசரியாவும் அதற்காகத்தான் போனார். ஆனால், அவர் யாரிடம் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டோர்னக்கலில் அவருடைய சபையில் பெரும்பாலும் இருந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். தங்களுக்குள்ளும் கலந்து உண்ணாதவர்கள். இவர்கள் ஒரே திருவிருந்தில் சேர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்தக் கிராமப் பெண்களும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தார்கள்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது அசரியா பேசினார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தியர்கள். நீங்கள் எங்களுக்காகப் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். நாங்கள் கேட்பது உங்கள் நட்பை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். நட்பு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும்தான். வெள்ளைக்காரப் போதகர்கள் இந்திய ஊழியர்களைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிடாத குறையை அவர் அந்த மேடையிலேயே எடுத்தார். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். மலருக்குப் பொருத்தமான பெருமை. அதன் பிறகுதான் கிழக்குத் தெரு அக்காவிடம் போனேன்.

எங்கள் சபையில் இருபதுக்கும் குறைவான தலித் வீடுகள் உண்டு, எல்லாம் கிழக்குத் தெருவில். ஞாயிறு தவறாமல் வருவார்கள். எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் உட்காரும் இடம் மட்டும் மாறுவதில்லை. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனவள்.

“கோயில் எதுக்குக்கா?” என்றேன்.

“சாமி கும்பிடத்தான்.” சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “அசனத்துக்கு நாங்க எத்தனை பேரு வேலை செய்தோம்னு எண்ணியிருக்கியா? வெறகு நாங்க. பாத்திரம் நாங்க. எல எடுக்க நாங்க. காய்வெட்டுக்கு மட்டும் கூப்பிடமாட்டாவ.”

அசனம் தெரியாதவர்களுக்காக: பண்டிகையின் கடைசி நாள் ஊரே சேர்ந்து உண்ணும் விருந்து. அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் வேகும். எந்த மதத்துக்காரரும் வரலாம், வருவார்கள். வர முடியாத வீடுகளுக்குத் தூக்குவாளியில் போகும். எங்கள் ஊரில் முந்தின நாள் ராத்திரி அரிவாள்மனைகளோடு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் வெட்டுவார்கள். விடிய விடியப் பாட்டும் கதையுமாக இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற வட்டம். அதில் அக்கா இருந்த ஞாபகம் எனக்கு இல்லை. பாத்திரம் கழுவி முடித்துத்தான் சாப்பிட உட்காருவார்கள் என்பதால், கிழக்குத் தெருவுக்கு எப்போதும் கடைசிப் பந்தி. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. அதுதான் இதில் வசதி. சட்டம் இருந்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டது 1833-ல். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்காகவே பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். 1947 செப்டம்பர் 27-ல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ ஆனது. அதன் குறிக்கோள் எல்லோரும் ஒன்றாயிருப்பது. கோயில் வாசல் பலகையிலேயே அந்தச் சின்னம் இருக்கிறது: தாமரையும் சிலுவையும்.

நான்கு பத்திகள் எழுதினேன். முதல் பத்தியில் ஐயர் சொன்ன மூன்று. இரண்டாவதில் அசரியா. மூன்றாவதில் ஆச்சியின் பாட்டில். நான்காவதில், நம் பிடி அரிசி எத்தனையோ நூறு மைல் தாண்டி தெலுங்கு தேசத்தின் தலித் வீடுகள் வரை போயிருக்கிறது, நம் கிழக்குத் தெரு இன்னும் கடைசிப் பந்தியில் உட்கார்கிறது, ஒரே பந்தியில் உட்காருவது நம் நோக்கமாக இருக்கட்டும் என்று முடித்தேன். கோபுரம் பற்றி எழுதவில்லை.

ராத்திரியே சித்தப்பா வந்துவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. “மூணு பத்தி அருமையா இருக்கும்மா. நாலாவதை எடுத்துருவோம். மலர் வெளியூர்க்காரங்க கைக்கும் போகும். நம்ம வீட்டு விஷயம்லா?” ஐயர் தலையிடவில்லை. இன்னும் இரண்டு ஆண்டில் அவருக்கு மாற்றல் வரும். கமிட்டி இங்கேயே இருக்கும். அவர் நிலைமை புரிகிறது. ஆனாலும் அவர் பேசியிருக்கலாம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

மலரில் நான்காவது பத்தி வேறு மாதிரி அச்சானது. யாவரும் அன்பில் ஒன்றாய் வளர்வோம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பக்கத்தில் கோபுரத்தின் வண்ணப்படம். என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். அதை மட்டும் செய்தார்கள்.

அச்சாகாத பத்தியை ஆச்சிக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அவளுக்குக் கண் மங்கல், எழுத்து தெரியாது. கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அவள் பேசினாள் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே போயிருக்கிறாள். “இந்த அரிசிய இங்கருந்து ஆந்திராவுக்கு அனுப்புதோம். கெழக்குத் தெரு அதவிடத் தூரமா?” என்று கேட்டாளாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். ஐயரம்மாதான் எழுந்து, “இந்த வருஷம் காய்வெட்டுக்கு எல்லாத் தெருவுக்கும் சொல்லிருவோம்” என்றாராம்.

அசனத்துக்கு முந்தின ராத்திரி கிழக்குத் தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். முதலில் வட்டத்துக்குப் பக்கத்தில் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆச்சி தன் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். எண்பது வயசு, முட்டி மடக்கி உட்காரவே ஒருவர் பிடிக்க வேண்டும். வட்டம் பிறகு ஒரு மாதிரி கோணல்மாணலாகச் சேர்ந்தது. மூன்று பெண்கள் தலைவலி என்று எழுந்து போனார்கள். கத்தரிக்காய் அந்த வருஷமும் நிறையத்தான் இருந்தது. மூன்று பேர் குறைந்ததில் விடியற்காலை நாலரை மணிவரை வெட்டினோம். பாட்டுக்கு மட்டும் குறைவில்லை. கீர்த்தனைகளில் அக்காவுக்குத் தெரியாத சரணமே கிடையாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் முதல் பந்தியில் அக்காவும் அவள் மகளும் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் இருந்த இரண்டு குடும்பம் இலையைவிட்டு எழுந்து, தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அதில் ஒன்று எங்கள் நெருங்கிய சொந்தம். இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பா சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தார். அக்கா இலைக்கு முன்னால் நின்றார். ஊற்றினார். “போதுமா?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

பந்திகள் முடிந்தபோது பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டு முடித்திருந்ததால், கிழக்குத் தெருக்காரர்கள் எல்லோரோடும் சேர்ந்து வீட்டுக்கும் போய்விட்டார்கள். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஆறு பேரும் நானும் என் தம்பியும் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். அண்டாவுக்குள் ஆள் இறங்கித்தான் தேய்க்க முடியும். இரவு எட்டரை ஆனது. பாதி அப்படியே கிடந்தது. கடைசியில் பக்கத்து ஊர் சமையல் கான்ட்ராக்டரிடம் சொல்லி, கூலிக்கு ஆள் வைத்தார்கள்.

அடுத்த மாதக் கமிட்டியில் வாசித்த பண்டிகைச் செலவுக் கணக்கைச் சித்தப்பா எனக்கும் அனுப்பியிருந்தார். விறகு, காய்கறி, வாழையிலை, ஒலிபெருக்கி, மலர் அச்சுக்கூலி எல்லாம் வழக்கம்போல இருந்தன. கீழே இதுவரை எந்த வருஷத்துக் கணக்கிலும் இல்லாத ஒரு வரி: ‘பாத்திரம் கழுவக் கூலி.’