தோட்டம் விற்பனைக்கு

"நகரத்துக்கு அருகே பெரிய எஸ்டேட் விற்பனைக்கு, குதிரை வளர்க்க ஏற்ற இடம்." இத்தகைய விளம்பரங்களில் ஏக்கர் கணக்கு இருக்கும், லாயம், சாலை வசதி எல்லாம் இருக்கும். அங்கே உழைத்தவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள்.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த என் போன்றோருக்கு எஸ்டேட் என்றால் தோட்டம். தோட்டம் என்றால் ரப்பர் மரம், லயன் வீடு, மாரியம்மன் கோயில். குதிரை நினைவுக்கே வராது. ஆனால், ரப்பர் தோட்டமே குதிரைத் திடலான கதை சிங்கப்பூரில் உண்டு.

1842இல் தொடங்கிய பந்தய மன்றம் முதலில் குதிரை ஓட்டியது தேக்காவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். குதிரைகளைப் பராமரிக்கும் 'சைஸ்' வேலையில் பவேயான் தீவினரும் இந்தியரும் இருந்தனர். நகரம் வளர, 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்துக்கு மாறியது. பின்னர் 2000இல் கிராஞ்சித் திடல் திறந்தது. அங்கும் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. சுமார் 120 ஹெக்டர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது.

சிறிய தீவு இது. மக்களுக்கு வீடு வேண்டும். நிலம் மாறுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. குதிரைகளை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம். பல ஆண்டுகள் லாயத்தில் உழைத்தவரின் கைப்பழக்கத்தை எங்கே அனுப்புவது?

நான் தங்கியிருக்கும் கேலாங்கிலும் இதே கேள்வி உண்டு. கேலாங் செராயின் 'செராய்' எலுமிச்சைப்புல்லைக் குறிக்கும். அந்தப் புல் வளர்ந்த தோட்டங்கள் இன்று இல்லை. மூன்றாம் லோரோங்கில் 191 தரை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. நிலம் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பியது. அவ்வீடுகள் பலவற்றில் கடைசிக் காலத்தில் குடியிருந்தவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள். அவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு எந்தத் தெருப்பெயரும் சாட்சி சொல்லாது.

மலாயாவில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தார்கள். அப்போது 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் சீவியவர்களே மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். 'விற்பனைக்கு' என்ற சொல்லுக்கு லயன் வீட்டிலிருந்து எழுந்த பதில் அது!

இங்கே நிலம் வாங்கும் வசதி நமக்கு இல்லை. ஆனால் நினைவைச் சேர்க்கும் வசதி உண்டு. லாயத்தில் வேலை செய்த பெரியவர் உங்கள் புளோக்கிலேயே இருக்கலாம். அவர் பக்கத்தில் அமர்ந்து, எந்தக் குதிரை முரடு, எத்தனை மணிக்கு எழுந்தார், சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி வையுங்கள். நில ஆவணத்தில் இடம் பெறாத பெயர்கள் நம் ஆண்டிதழிலாவது இடம் பெறட்டும்.