பக்கெட் ஒளிச்ச காடு!

லீவுக்கு அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போறீங்களா? மால் மாலா சுத்தாம, ஓரிகானில் பீவர்க்ரீக் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. ஜி.பி.எஸ். சிக்னலில் வேணும்னே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கினதும், டேவ் அல்மர் என்பவர் அங்கேதான் ஒரு கறுப்பு பக்கெட்டை ஒளிச்சு வச்சு, இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டார். உள்ளே புத்தகம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் (ஏன்னு கேட்காதீங்க!). ஜியோகேச்சிங் பிறந்த கதை இது. இப்போ அங்கே நினைவுப் பலகை இருக்கு.

தேட செல்போன் போதும். ஆனா கடைசி சில மீட்டருக்குக் கண்ணுதான் துணை. ரெண்டு அரியர் விழுந்ததிலேர்ந்து என்கிட்ட பேசாத அப்பா, பக்கத்துக் காட்டில் வேருக்கடியில் இன்னொரு டப்பாவைப் பார்த்துட்டு, "டேய், இங்க வாடா!"ன்னு கத்தினார். உள்ளே இருந்த நோட்டில் எங்க ரெண்டு பேர் பேரையும் அவரே எழுதினார். திரும்ப ஒளிச்சு வச்சது நான்.