தோப்பன்று, கண்மாய்

சுற்றுச்சூழல் காக்கும் கல்வியில் பட்டம் பெற்ற நாம் காடுமேடு சுற்றுவோம் என்றிருந்தோம். வாய்த்ததோ கணினி முன் அமர்ந்து நிலப்படம் வரையும் பணி. (நம் தந்தையாருக்கு இன்றளவும் அது 'படம் போடுற வேலை'தான்!)

லாண்ட்சாட் செயற்கைக்கோட் படங்கள் 2008 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும். ஆதலின் செயற்கை வண்ணப் படத்தில் அது கருத்திருக்கும். பசுந்தழை அக்கதிரைத் திருப்பியனுப்பும். ஆகவே சிவந்து தோன்றும். இவ்வளவே துணையாக, இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைக் கோடைப் படங்கொண்டு வரைந்தோம். சிவந்த திட்டொன்றைத் 'தோப்பு' எனக் குறித்தோம்.

சரிபார்க்கச் சென்றபோது அங்கே நின்றது சீமைக்கருவேலம். உடன் வந்த பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது எங்க கண்மாய். தோப்புன்னு எழுதிட்டா, நாளைக்கு எவனாவது வேலி போட்டுருவானே!" என்றார். முட்புதர் விலக்கிக் கரையையும் கலுங்கையும் மடையையும் நடந்தே காட்டினார். 30 மீட்டர்ச் சதுரம் ஒரு புள்ளியாகும் படத்தில் மடைக்கு ஏது இடம்?

அன்றிரவே திருத்தினோம். மழை ஓய்ந்த தை மாதப் படத்தையும் கோடைப் படத்தையும் அருகருகே வைத்தே இப்போது எல்லை இடுகிறோம். பெயரை மட்டும் ஊரார் சொல்லக் கேட்டு எழுதுகிறோம்.