வகுப்பறைச் சுவரும் ஓபி சீட்டும்

கொஞ்சம் நீளமான இழை. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் பாடம் எடுக்கிற டீச்சர்கள், அந்த வயசுப் பிள்ளைங்களோட பெற்றோர்கள் அவசியம் படிங்க.

அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு வருமில்லையா, அதுல ரெண்டு வருஷம் இருந்தேன். உயரம், எடை, கண், பல், இதயம்னு பார்க்கிறதுதான் வேலை. கூடவே வகுப்பறைச் சுவரையும் பார்ப்பேன். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரத்துல குடிசை, ஒரு தென்னைமரம். மலையே கண்ணுல படாத டெல்டா ஊர்லயும் இதே படம்தான். முப்பது பிள்ளைங்க, முப்பது தாள், ஒரே மலை. டீச்சர் போர்டுல போட்டதைப் பார்த்து வரைஞ்சது. (டீச்சரைக் குறை சொல்லல. ரெண்டு மூணு வகுப்பை ஒண்ணா உட்கார வச்சுச் சமாளிக்கிறவங்க நிறைய பேர்.)

இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு.

ஓபிக்கு வர்ற பிள்ளைகிட்ட "எங்க வலிக்குது?"ன்னா முதல்ல என் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அம்மா முகத்தை. "வயிறா?" "ஆமா." "தலையா?" "ஆமா." சரியான விடை எதுன்னு தேடுது. வலிக்கு ஏதுங்க கோனார் நோட்ஸ்? பயம், கூட்டம் எல்லாம் காரணம்தான். ஆனா சொந்தமா ஒரு வார்த்தை சொன்னா திட்டு விழாதுங்கிற நம்பிக்கை இல்லாததும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும்.

போன வருஷம் நாலாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. மாசம் ரெண்டு தடவை தலைவலின்னு லீவு. "கணக்குப் பரீட்சைன்னா வந்துரும் டாக்டர் இவளுக்கு"ன்னாங்க அம்மா. பார்வை சரியா இருந்துச்சு. ஓபி சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "உன் தலைவலியை வரைஞ்சு காட்டு"ன்னேன். யோசிக்கவே இல்ல. ஒரு தலை. அதுல வலது பக்கம் மட்டும் சுத்தியல். மேல ட்யூப்லைட், அதுமேல பெரிய பெருக்கல் குறி. பக்கத்துல ஒரு வாளி.

"வாளி எதுக்கு?"

"வாந்திக்கு."

ஒரு பக்க வலி, அடிக்கிற மாதிரி வலி, வெளிச்சம் ஆகல, வாந்தி. மைக்ரேன். நரம்புப் பரிசோதனை எல்லாம் இயல்பு. விசாரிச்சா அம்மாவுக்கும் அதே தலைவலி வருஷக்கணக்கா இருக்கு. சீட்டையே பார்த்துட்டு இருந்தவங்க, "நடிக்கிறான்னு அடிச்சிருக்கேன் டாக்டர்"னாங்க.

வரையச் சொல்றது என் கண்டுபிடிப்பு இல்ல. 2002ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 226 பிள்ளைங்ககிட்ட, டாக்டர் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடியே தலைவலியை வரையச் சொன்னாங்க. படத்தை மட்டும் பார்த்து மைக்ரேன்னு சொன்னதுல 87 சதவீதம் சரி. வலியை அளக்க நாங்க பயன்படுத்துற வாங்-பேக்கர் ஆறு முகங்களும், பிள்ளைங்ககிட்ட வெறும் வட்டங்களைக் கொடுத்து வரையச் சொல்லி உருவானதுதான்.

அந்தப் பொண்ணோட ஸ்கூலுக்கு நான் போயிருக்கேன். 2007-08ல செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தப்போ, பிள்ளைங்க உயரத்துக்குச் சுவரோட கீழ்ப்பக்கம் கரும்பலகை அடிச்சாங்க, ஞாபகம் இருக்கா? பல ஸ்கூல்ல அதுக்கு முன்னாடி இப்போ பீரோ நிக்குது. இங்க டீச்சர் அதை விடல. தினம் பத்து நிமிஷம், நேத்து பார்த்ததை வரையணும். மார்க் கிடையாது, திருத்தம் கிடையாது. அவங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: "இது என்ன, சொல்லு."

வீட்டுலயும் செய்யலாம். பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் போதும். யானை பச்சையா இருந்தா இருக்கட்டும், நீங்க பென்சிலைப் பிடுங்கி வரைஞ்சு காட்டாதீங்க. அடிக்கடி வயித்துவலி, தலைவலின்னு சொல்ற பிள்ளைன்னா அந்தப் படத்தையும் ஓபிக்கு எடுத்துட்டு வாங்க.

தூக்கத்தைக் கலைக்கிற தலைவலி, காலையில எழுந்ததும் வாந்தி, நடை தடுமாறுறது, பார்வை ரெண்டா தெரியறது, இதுல எது இருந்தாலும் படம் கிடம்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.